பாயோகுந்தா என்ற பேர்

கௌஸு பாயோவுக்கு வெட்கம் என்றால் என்னவென்றே ஐம்பது வயது தாண்டும்வரை தெரியாது. வெட்கப்படுவதற்கு அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். சுத்துபா ஊரில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும், எந்தக் குழந்தைக்குப் பேர் வைத்தாலும், கூட்டத்தில் முதலில் எழுந்து பேசுகிறவன் அவன்தான். அரிசி, சர்க்கரை, சிமென்ட் விற்கிற கடை வைத்திருந்தான். கடைவாசலில் கரியடுப்பு மேல் தேநீர் கொதிக்கும், அதைச் சுற்றி எப்போதும் நாலு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாலு பேருக்கும் அவன் ஓயாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற பாயோகுந்தா எங்கள் குடும்பத்து ஊர் என்பான்.

"குந்தான்னா என்ன? வீடு. வளவு. சானேகுந்தான்னா சானே வீடு. தார்போகுந்தான்னா தார்போ வீடு. அப்ப பாயோகுந்தா யாரு வீடு? நீங்களே சொல்லுங்க."

"உங்க வீடுதான் பாயோ, யாரு இல்லேன்னா? டீ ஆறுது, ஊத்துங்க."

டீயை ஊற்றிக்கொண்டே சொல்வான். கொள்ளுத் தாத்தா அர்ஃபாங் பாயோவுக்கு ஒரு தம்பி இருந்தாராம். அண்ணனோடு மனஸ்தாபமாம். மனைவிமாரையும் குர்ஆன் எழுதிப் படிக்கிற பலகையையும் தோணியில் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்தாராம். சதுப்புக் காட்டை வெட்டி நெல் போட்டு, குடும்பப் பேரையே ஊருக்கு வைத்தாராம்.

இந்தக் கதையை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பேரைக் கேட்டான், கதையைத் தானே சமைத்துக்கொண்டான். முதலில் வெறுங்கையோடு ஆற்றைக் கடந்த அந்தத் தம்பி, போகப்போகக் குதிரையோடு கடந்தார். பிறகு இடுப்பில் வாள் சேர்ந்துகொண்டது. கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் ஒருவராவது "அடேய், போதும் நிறுத்து" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கரையின் பழைய பேச்சை எடுத்தாலே மரியாதைக் கேடு என்று அந்த ஊரில் ஒரு தலைமுறையே வாயை மூடிக்கொண்டிருந்தது. ஏன் மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கௌஸுவும் கேட்டதில்லை.

கதைக்குச் சாட்சியாக அவன் காட்டுவது பாயோகுந்தா ஆட்களை. சுத்துபாவில் பாயோ வீட்டில் விசேஷம் என்றால் விடிவதற்குள் அவர்கள் தோணி கரை சேர்ந்துவிடும். தெம்போதான் முன்னால் வருவான், கௌஸுவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன். வந்ததும் அங்கிக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிடாவை அறுப்பான், உரிப்பான், கறியைப் பங்கு போடுவான். கூட வந்த ஆண்கள் விறகு பிளப்பார்கள். பெண்கள் கல் கூட்டி அண்டாவை ஏற்றுவார்கள். விசேஷம் முடிந்ததும் கிடாவின் தலையையும் தோலையும் எடுத்துக்கொண்டு தோணி ஏறுவார்கள்.

"பாத்தீங்களா பாசத்தை?" என்று கௌஸு விருந்தாளிகளிடம் மார் தட்டுவான். "நம்மளைக் கத்தியத் தொடவிட மாட்டாங்க. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான். அண்ணே! தெம்போண்ணே! இங்க வாங்க, வந்து உக்காருங்க!"

தெம்போ சிரிப்பான். உட்கார மாட்டான். விருந்தாளிகள் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

சாலை போட்டபோது ஒரு கூத்து நடந்தது. ஊர்ப்பேர் எழுதிய பலகை நடவேண்டி வந்தது. பாயோகுந்தா ஆட்கள் மாவட்டத் தலைவரிடம் போய், பலகையில் வேறு பேர் எழுதுங்கள் என்று கேட்டார்கள். கைராகுந்தா, சமாதானத்தின் வீடு என்று எழுதுங்கள் என்றார்கள். விஷயம் காதில் விழுந்ததும் கௌஸு வேனைப் பிடித்து ஓடினான். கூட்டம் நிறைந்த சபையில் நின்று கத்தினான்.

"எங்க முன்னோர் பேரை அழிக்கிறதுக்கு யாருக்கு உரிமை இருக்கு? இவங்க பாயோ. நான் எப்படி பாயோவோ, அப்படியே இவங்களும் பாயோ. ஒரு ரத்தம். இல்லேன்னு சொல்றவன் என் முன்னால வந்து சொல்லட்டும்!"

யாரும் வந்து சொல்லவில்லை. மாவட்டத் தலைவர் தாடியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். தெம்போவும் அவன் ஆட்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் தெம்போவே எழுந்து, பழைய பேரே இருக்கட்டும் என்றான். பலகை நட்ட அன்று கௌஸு அதன் மேல் கை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டான்.

அந்தத் தெம்போவின் மகன்தான் சைகு. சந்தை ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். கௌஸுவின் மூத்த மகள் நீமா அதே ஊரில் நர்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பேசிப் பழகி, ஒருநாள் நீமா அம்மாவிடம் சொல்ல, அம்மா அப்பாவிடம் சொன்னாள். கௌஸு குதித்தான், சந்தோஷத்தில். ஒரே குடும்பப் பேருக்குள் பெண் கொடுத்து எடுப்பது அந்தப் பக்கத்தில் குறையில்லை, பெருமை.

"பிரிஞ்சுபோன அண்ணன் தம்பி வீடு மறுபடி ஒண்ணா சேருது பாரு!" என்றான் மனைவியிடம். அவள் வேறு மாவட்டத்துக்காரி. அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

பெண் கேட்டுக் கோலாக் கொட்டை வந்தது. தெம்போ வரவில்லை, தன் தம்பியை அனுப்பியிருந்தான். வந்தவன் இலையில் சுற்றிய கொட்டைகளைப் பாயின் விளிம்பில் வைத்துவிட்டு, "உங்க வீட்டுப் பெரியவங்க எல்லாரும் கூடிப் பேசி முடிவு சொல்லுங்க, அவசரமில்லே" என்று மூன்று தரம் சொன்னான். கௌஸு கேட்டால்தானே? குடும்பத்தில் மூத்தவள் தீதா அத்தை. அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதுதான் முறை. முறையாவது ஒன்றாவது! அங்கேயே இலையைப் பிரித்தான். கொட்டைகளைப் பிளந்தான். தானும் மென்றான், கடைவாசலில் இருந்த நாலு பேருக்கும் கொடுத்தான். கோலாவைப் பிளந்து பங்கிட்டால் பெண்ணைக் கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். வாங்கிக்கொண்ட நாலு பேரும் அதைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்கள். அக்கரைக்காரன் கண் கலங்கிவிட்டது. கௌஸுவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

தீதா அத்தை அடுத்த வாரம் வந்தாள். வேனிலிருந்து இறங்கியதும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கடைக்கு வந்தாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தாள், எழுந்து போய்விட்டார்கள்.

"கோலாவைத் தின்னியாமே?"

"ஆமா அத்தை. நீங்க இல்லாமப் போச்சு. கோச்சுக்காதீங்க, உங்க பங்கு..."

"என் பங்கா? எனக்கு ஒரு பங்கு விஷம் குடு. பாயோ வீட்டுப் பொண்ணை எங்கடா குடுத்திருக்கே?"

"பாயோ வீட்டுக்குத்தான்."

அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கிண்டல் பண்ணுகிறானோ என்று அவளுக்குச் சந்தேகம். அவன் முகத்தில் கிண்டல் இல்லை. அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. அப்படியே சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கப்பன் உனக்குச் சொல்லவே இல்லியா?"

"என்னத்தைச் சொல்லணும்?"

"அட ஆண்டவனே. இத்தனை வருஷமா நீ தெரிஞ்சுக்கிட்டே சும்மா பெருமையடிக்கிறேன்னு நெனச்சேன். அந்தக் குதிரைக் கதையெல்லாம், அசிங்கத்தை மூடத்தான் சொல்றேன்னு நெனச்சேனேடா."

"அத்தை, என்னன்னு சொல்லுங்க."

அத்தை கடைக்கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்தினான். இருட்டில் அவள் குரல் மட்டும் வந்தது. அவளுக்கும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை.

"அர்ஃபாங் பாயோவுக்குத் தம்பியும் கிடையாது, கிம்பியும் கிடையாது. ஒத்தைப் புள்ளை. குதிரை இருந்துச்சு. நெறைய இருந்துச்சு. குதிரையைக் குடுத்துத்தான் ஆளை வாங்கினாரு. அப்ப ஊரெல்லாம் சண்டை. தோத்த ஊர்க்காரங்களைக் கயித்துல கட்டி இழுத்துட்டு வருவாங்க. ஒரு குதிரைக்கு இவ்வளவு ஆளுன்னு கணக்கு. வாங்கின ஆளுங்களை ஆத்துக்கு அந்தப் பக்கம் சதுப்புல இறக்கிவிட்டாரு, நெல்லு போட. இந்தப் பக்கம் வச்சா ஓடிருவாங்க. அங்க வச்சா ஆறு இருக்கு."

"அப்ப அந்தப் பேரு?" என்றான் கௌஸு.

"போறவன் வர்றவன் கேப்பான், அங்க தெரியுதே குடிசை, யாருதுன்னு. பாயோவோட ஆளுங்க இருக்கிற எடம்பாங்க. அப்படித்தான் பாயோகுந்தா ஆச்சு. மாட்டுப்பட்டிக்குச் சொந்தக்காரன் பேரைச் சொல்ற மாதிரி. அவங்களும் பாயோன்னுதான் ஆனாங்க. வாங்கினவன் பேருதானே வாங்கினதுக்கு."

"அவங்களுக்குன்னு சொந்தப் பேரு இருந்திருக்குமே?"

"இருந்திருக்கும். யாரு கேட்டா?"

"அப்புறம் வெள்ளைக்காரன் சட்டம்..."

"சட்டம் வந்துச்சு. அடிமை கிடையாதுன்னான். எங்க போவாங்க? நிலம் பாயோ நிலம். இருந்துட்டாங்க. நம்ம வீட்டு விசேஷத்துக்குக் கிடா அறுக்க வர்றது எதுக்குன்னு நெனச்சே? பாசத்துலயா? அது அவங்க தலையில விழுந்த வேலைடா. தலையும் தோலும் எடுத்துட்டுப் போறது அந்த வேலைக்குக் கூலி."

கௌஸுவுக்கு உடம்பு முழுக்கக் கூசியது. 'பாத்தீங்களா பாசத்தை' என்று தான் கத்திய கத்தல் ஒவ்வொன்றும் காதுக்குள் திரும்பி வந்தது. சபையில் போட்ட கூச்சல் வந்தது. பலகைமேல் கை போட்டு எடுத்த படம் வந்தது, அதை அவன் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியும் வைத்திருந்தான். அந்த ஜனங்கள் அந்தப் பேரைக் கழற்றிப் போடக் கேட்டபோது, ஓடிப்போய் அதை மறுபடி அவர்கள் கழுத்தில் மாட்டிவிட்டு வந்தவன் அவன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இப்ப என்ன செய்யணும்கிறீங்க?"

"திருப்பிக் குடு. தின்னதுக்குப் பதில் புதுக் கொட்டை வாங்கிட்டு வந்திருக்கேன்." இலைப் பொட்டலத்தை அவன் மடியில் வைத்தாள். "அவங்க கெட்டவங்கன்னு நான் சொல்லலே. நல்ல ஜனங்க. தெம்போ மாதிரி ஒழுக்கமான ஆளு நம்ம வீட்டுலயே கிடையாது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லே. நம்ம பொண்ணு அங்க போனா, நாளைக்கு உன் சாவுக்கு நம்ம ஆளு ஒருத்தன் வர மாட்டான். உன் சின்னப் பொண்ணுங்களைக் கேட்டு எவன் வருவான்?"

"அத்தை, நான் வாக்குக் குடுத்துட்டேனே."

"தெரியாமக் குடுத்த வாக்கு. தெரிஞ்சுக்கிட்டதும் மாத்திக்க."

மறுநாள் தேதி பேச அக்கரைக்கு வருவதாகக் கௌஸு முன்பே சொல்லி அனுப்பியிருந்தான். அன்று சாயங்காலம் நீமா போனில் கூப்பிட்டாள். "அப்பா, அக்கரைக்குப் போறீங்களாமே? தேதி வைக்கவா?" குரலில் சிரிப்பு வழிந்தது. கௌஸு "ம்" என்றான். "அவங்க வீட்டுல எல்லாரும் உங்களைப் பத்தியே பேசுறாங்களாம்ப்பா. சைகு சொன்னாரு." அதற்கும் "ம்" என்றான். வாழ்நாளில் அவன் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

மறுநாள் தோணியில் அவன் மட்டும்தான். பொட்டலம் அங்கிப் பையில் கனத்தது. பாதி ஆறு தாண்டியபோது அவனுக்குள் ஒரு ரோஷம் வந்தது. யாரோ எப்போதோ பண்ணின பாவத்துக்கு என் மகள் ஏன் அழவேண்டும்? நான் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. தேதி வைத்துவிட்டுத்தான் வருவேன். அத்தை கத்தட்டும், சொந்தக்காரன் எவனும் வராமல் போகட்டும். இப்படி முடிவு செய்ததும் மூச்சு சீரானது. பொட்டலத்தை ஆற்றில் எறிந்துவிடலாமா என்றுகூட நினைத்தான். காசு போட்டு வாங்கியது என்று எறியவில்லை. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

கரையில் ஏறினால் முதலில் தெரிவது அந்தப் பலகைதான். பாயோகுந்தா. அவன் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தான்.

ஊரே வாசலில் நின்றது. பெண்கள் கைதட்டினார்கள். தெம்போ புது அங்கி போட்டிருந்தான், மடிப்பு இன்னும் கலையவில்லை.

"வீட்டு ஆளுங்க எப்படி இருக்காங்க?"

"சமாதானமா இருக்காங்க."

"பொண்டாட்டி புள்ளைங்க? தீதா அத்தை?"

"சமாதானம்தான்." அத்தையின் பேரைக் கேட்டதும் கௌஸு செருப்பைக் கழற்றக் குனிந்துகொண்டான்.

மாமர நிழலில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். ஊரின் ஆண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். தெம்போவுக்குப் பேசிப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பாயைப் பார்த்துப் பேசினான்.

"நான் பேசத் தெரியாதவன். ஆனாலும் இன்னைக்குச் சொல்லணும். அன்னைக்குச் சபையில நீங்க எழுந்தப்ப எங்களுக்கு வயிறு எரிஞ்சுது. பேரை மாத்தவும் விடமாட்டேங்கிறாரேன்னு. அப்புறம் நீங்க பேசினதைக் கேட்டோம். நானும் பாயோ, இவங்களும் பாயோ, இல்லேன்னு சொல்றவன் முன்னால வரட்டும்னீங்க. இந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்ச அத்தனை பேர் முன்னாலயும் சொன்னீங்க. உங்க வீட்டு ஆளு ஒருத்தரு வாயிலேர்ந்து அப்படி ஒரு வார்த்தை வரும்னு எங்கப்பாரு காலத்துல கனவுகூடக் கண்டதில்லே. அதுக்கப்புறம்தான் நாங்க பேரை மாத்த வேணாம்னு முடிவு பண்ணினோம். அவரே தெரிஞ்சு குடுத்த பேரு, இனிமே அது நம்ம பேருதான்னு."

சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள்.

"இப்ப பொண்ணையும் குடுத்தீங்க. யாரையும் கேக்காம, அங்கயே, அந்த எடத்துலயே கோலாவைப் பிளந்தீங்கன்னு தம்பி வந்து சொன்னப்ப நான் நம்பலே. எல்லாம் தெரிஞ்ச மனுஷன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கலேன்னா, அது எப்பேர்ப்பட்ட மனசு."

எனக்குத் தெரியாது, நான் ஒரு மடையன் என்று கௌஸு அந்த நிமிஷம் சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தான். எல்லாருடைய கண்ணும் அவன்மேல் இருந்தது. அப்படியொரு பார்வையை அவன் எந்தச் சபையிலும் வாங்கியதில்லை. இத்தனை வருஷமாகப் பேசிப் பேசித் தேடியது அதைத்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான். அடுத்தவன் வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போனவன்போல உள்ளே நெளிந்தான். ஆனால் கழற்றவில்லை.

"என் தம்பி பொண்டாட்டிக்குப் பையன் பொறந்திருக்கான்" என்றான் தெம்போ. "நாளைக்குப் பேர் வைக்கிறோம். கௌஸுன்னு வைக்கப்போறோம். நீங்க இருந்து வச்சுட்டுத்தான் போகணும்."

ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்து காட்டினாள். கௌஸு பார்த்தான். என்ன சொன்னான் என்று அவனுக்கே நினைவில்லை.

சாப்பாடு வந்தது. பெரிய எனாமல் கிண்ணம் நிறையச் சோறு, மேலே கடலைக் குழம்பு, நடுவில் முழு மீன். இதற்குமுன் எப்போது வந்தாலும் அவனுக்குத் தனிக் கிண்ணம், தனிப் பாய். அவர்கள் தள்ளி உட்கார்ந்து, அவன் முடித்த பிறகுதான் சாப்பிடுவார்கள். அதை அவன் விருந்தாளிக்கு மரியாதை என்றே நினைத்திருந்தான். இன்று தெம்போ கை கழுவிவிட்டு வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தான். புதுமாப்பிள்ளைபோல் கூச்சம்.

"இனிமே சேந்து சாப்பிடலாம்ல?" என்றான். பிறகு, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, "தம்பி" என்றான்.

"என்ன கேள்வி இது! உக்காருங்கண்ணே" என்றான் கௌஸு. மனப்பூர்வமாகத்தான் சொன்னான்.

இரண்டு பேரும் பிஸ்மில்லா சொல்லிக் கை வைத்தார்கள். மூத்தவன் மீனைப் பிய்த்து மற்றவர் பக்கம் தள்ளுவது வழக்கம். தெம்போ முள் பார்த்து, வயிற்றுப் பக்கத்துச் சதையாக எடுத்து, கௌஸுவின் பக்கத்துச் சோற்றின்மேல் வைத்தான். பாயோ வீட்டுக் கிடாவை எத்தனையோ தரம் உரித்த விரல்கள் அவை.

கௌஸுவின் கை நின்றது.

எச்சில் என்றில்லை. லாரி நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே கிண்ணத்தில் எத்தனையோ தரம் சாப்பிட்டவன்தான் அவன். நினைத்து நிறுத்தவும் இல்லை. மனசு சாப்பிடு என்றது, கை கேட்கவில்லை. சோற்றை உருட்டிக்கொண்டிருந்த விரல்கள் அந்த மீன்துண்டுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டன. ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம்கூட இருக்காது. உடனே கையை நீட்டினான், மீனை எடுத்தான், வாயில் போட்டான், மென்றான், "பிரமாதம்" என்றான்.

தெம்போ பார்த்துவிட்டான்.

எப்படிப் பார்க்காமல் இருப்பான்? பிறந்ததிலிருந்து பாயோ வீட்டு ஆட்களின் கையையும் கண்ணையும் பார்த்தே வளர்ந்த ஜனம். முகம் மாறவில்லை. தன் கையிலிருந்த உருண்டையை மெதுவாகக் கிண்ணத்தில் வைத்தான். எழுந்தான். செம்பில் தண்ணீர் எடுத்துக் கை கழுவினான், விரல் விரலாக. பாயின் விளிம்புக்கு வெளியே, மண்ணில் உட்கார்ந்தான்.

"உங்களுக்கு அன்னைக்குத் தெரியாது" என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை. "இப்பத்தான் யாரோ சொல்லியிருக்காங்க."

கௌஸு வாயிலிருந்த மீனை விழுங்க முடியாமல் தலையை ஆட்டினான்.

"அத்தையா?"

மறுபடி ஆட்டினான்.

சுற்றியிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஏதோ வேலை நினைவுக்கு வந்ததுபோல் கலைந்தார்கள். திட்டியிருந்தால் தேவலை.

"அண்ணே, நான் பொண்ணைக் குடுக்கத்தான் வந்தேன். சத்தியமா. தோணியிலயே முடிவு பண்ணிட்டேன். தேதி சொல்லுங்க, நான்..."

"குடுப்பீங்க. எனக்குத் தெரியும், நீங்க குடுப்பீங்க." தெம்போவின் குரலில் கோபம் துளிகூட இல்லை. "அந்தப் பொண்ணுக்குப் பொறக்கிற புள்ளை ஓடிவந்து உங்க தட்டுல கை வைக்கும். அப்பவும் உங்க கை இதே மாதிரி ஒரு நிமிஷம் நிக்கும். நீங்க வேணும்னு செய்ய மாட்டீங்க. ஆனா நிக்கும். புள்ளைங்க அதைப் பாத்துரும். எனக்கு நாலு வயசுல நான் பாத்தேன், உங்கப்பாரு கையில."

"அண்ணே..."

"கொட்டையைக் கொண்டுவந்திருப்பீங்களே. குடுங்க."

கௌஸு இல்லை என்று சொல்லலாம் என்று நினைத்தான். அங்கிப் பை புடைத்திருந்தது. எடுத்துக் கொடுத்தான். தெம்போ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பெரிய வீட்டு ஆளிடமிருந்து எதை வாங்கினாலும் அப்படித்தான் வாங்குவார்கள். இலைச் சுருளைப் பிரித்துப் பார்க்கவில்லை.

"சைகுவுக்கு நான் சொல்லிக்கிறேன். எங்க பக்கத்துலதான் வேணாம்னுட்டோம்னு நீங்க பொண்ணுகிட்டச் சொல்லிடுங்க. உங்களுக்குக் கெட்ட பேரு வேணாம்."

இதற்குமேல் ஒரு மனுஷன் எப்படிக் குறுகுவது? கௌஸு தலையைக் குனிந்தபடி கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பொய்யைத் தான் நீமாவிடம் சொல்லத்தான் போகிறோம் என்று அவனுக்கு அங்கேயே தெரிந்தது. அது தெரிந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

"நான் மாவட்டத் தலைவரைப் போய்ப் பாக்குறேன்" என்றான் கடைசியில். "பலகையை எடுக்கச் சொல்றேன். நீங்க கேட்ட பேரையே எழுதச் சொல்றேன். நானே முன்னால நின்னு..."

"வேணாம்." தெம்போ எழுந்தான். கிண்ணத்தை அவன் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தான். "சாப்பிட்டு முடிங்க பாயோ. இருட்டுக்கு முன்னால தோணி ஏறணும். நாளைக்கு நீங்க இருக்கவும் வேணாம்."

நாலடி போனவன் நின்றான். திரும்பாமலே சொன்னான்.

"ஊருக்கு வச்ச பேரைத்தான் எங்களால கழட்ட முடியலே. அந்தப் புள்ளைக்கு இன்னும் வைக்கலே."